பெயர் பொறித்த இயக்கி, பெயர் எழுதாத சாமி

பௌத்தச் சிற்பம் என்றதும் நமக்கு முதல்ல ஞாபகம் வருவது கண்மூடி அமர்ந்திருக்கும் புத்தர்தான். ஆனால் மத்தியப் பிரதேசத்தின் பார்கூத் தூபியில் அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வேலியில் புத்தருக்கு மனித உருவமே இல்லை. வெற்று ஆசனம், போதி மரம், சக்கரம், பாதச்சுவடு, இவ்வளவுதான். தூண்களில் பெரிதாக நிற்பவர்கள் இயக்கர், இயக்கியர், நாகராசர்: மரத்திலும் நீரிலும் குடியிருப்பதாகச் சனங்கள் நம்பிய தெய்வங்கள்.

சுலகோகா என்ற தேவதை யானைமேல் நின்று, கையாலும் காலாலும் பூமரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். பக்கத்திலேயே பிராமி எழுத்தில் அவள் பெயர். குபேரனுக்கும் அப்படித்தான். 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் இந்த இடிபாடுகளைக் கண்டார். இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கும் இவர்களை நாம் பெயர் சொல்லி அழைக்க முடிவது, யாரோ ஒரு சிற்பி அதையும் செதுக்கி வைத்ததால்தான்.

புதிய மதம் வந்ததும் பழைய மரத்தடிகள் காலியாகவில்லை. நம்ம தீவிலும் அதே கதைதான். புத்தர் மகியங்கனையில் இயக்கர்களை விரட்டினார் என்கிறது மகாவம்சம். அதே நூல், பண்டுகாபய மன்னன் சித்தராசன் என்ற இயக்கனுக்கு அபய வாவிப் பக்கம் இடம் கொடுத்ததாகவும் சொல்கிறது. அநுராதபுரக் காவற்கற்களில் நாகராசன் ஒரு கையில் நிறைகுடமும் மறு கையில் பூங்கொம்பும் ஏந்தி நிற்கிறான். நீரும் பயிரும் அவன் பொறுப்பு. நிற்கும் இடம் படிக்கட்டின் அடி. ஆனாலும் அவனைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது.

தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது புதுசில்ல. இயக்கி என்ற சொல்தான் தென்தமிழ்நாட்டில் இசக்கி ஆனது. அங்கிருந்து வந்த நம்ம ஆட்கள் மாடசாமியையும் முனியையும் மட்டும் கொண்டுவரவில்லை. இங்கே புதுசாகவும் சாமிகளை உண்டாக்கினார்கள். கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி, ஃபெக்டரி இயந்திரத்துக்கு ரோதமுனி. மழையும் கொழுந்தும் கத்தியும் சேர்ந்த வாழ்க்கையின் தெய்வங்கள் இவை.

பெரும்பாலும் இவற்றுக்குச் சிலையில்லை. மரத்தடியில் ஒரு கல், கொஞ்சம் மஞ்சள், குங்குமம். மரம் வெட்டப்பட்டால், லயத்துச் சனங்கள் வெளியேறினால், அது வெறும் கல்லாகிவிடும். வரலாற்றுப் பாடத்தில் பார்கூத்தைப் படிக்கிற நாம், பாட்டிமாரிடம் கேட்டு, எந்தச் சாமி, எத்தனையாம் நம்பர் மலை, யார் வைத்த கல் என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கலாம். சிற்பி செய்த வேலையில் பாதி அதுதானே.