சுங்கம் தவிர்த்த சோழனும் சீனத்து 'கிஃப்ட்' பார்சலும்

மன்னார்குடி மதிலழகுன்னு சொல்வாங்க. அந்த மதிலுக்குள்ள இருக்கிற ராஜகோபால சுவாமி கோவிலுக்குப் பழைய பெயர் குலோத்துங்க சோழ விண்ணகரம். முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோவில். இன்று கண்ணில் படுவதில் நிறைய, பின்னாடி வந்த தஞ்சை நாயக்கர்கள் கட்டியது. அந்தக் குலோத்துங்கனோட பட்டம் 'சுங்கம் தவிர்த்த சோழன்'.

சரக்கு ஊர்விட்டு ஊர் போகும்போது வாங்கும் வரிதான் சுங்கம். அதை முழுசா நீக்கினானா, எங்கெங்கே நீக்கினான் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆனா வணிகத்தின் அருமை அவனுக்குத் தெரியும். 1077-ல் சோழநாட்டிலிருந்து 72 பேர் சீனாவுக்குத் தூது போனார்கள். கண்ணாடிப் பொருள், கற்பூரம், தந்தம் எல்லாம் பேரரசருக்குக் 'காணிக்கை'. பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. பேருக்கு அன்பளிப்பு, நடந்தது வியாபாரம்!

900 வருஷம் கழிச்சு அதே வித்தை சீனாவிலிருந்து இங்கே வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருளுக்குச் சுங்கவரி கிடையாதுன்னு ஒரு சலுகை இருந்தது. ஷாப்பிங் ஆப்களில் காசு கொடுத்து வாங்கிய சட்டையும் செருப்பும் 'கிஃப்ட்' என்ற சீட்டோடு வந்து இறங்கின.

கடைக்காரர்களுக்குக் கோபம் வராதா பின்னே? 1939-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்ததிலிருந்தே, அரசின் கைக்கு எட்டுகிற ஆள் உள்ளூர்க் கடைக்காரர்தான். மன்னார்குடி கடைத்தெருவில் சுடிதார் விற்கிறவர் ஜிஎஸ்டி போட்டுத்தான் பில் கொடுக்கணும். அதே மாதிரி சுடிதார் சீனாவிலிருந்து ஒரு பைசா வரி இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கு வந்தால், அவர் எந்த விலைக்கு விற்பார்?

2019 டிசம்பர் 12-ல் மத்திய அரசு அந்தக் கதவை மூடியது. தபால், கூரியரில் பரிசாக வருவதில் உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. (ஆமா, ராக்கிதான்!) மற்றதெல்லாம் முழு வரி கட்டினால்தான் உள்ளே வரும். மற்ற நாடுகளும் இதே வழிதான்: 2018-ல் ஆஸ்திரேலியா, 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம், 2025-ல் அமெரிக்கா என்று ஒவ்வொன்றாகச் சின்னப் பார்சல் சலுகைகளை எடுத்துவிட்டன.

இப்போ கணக்கு இப்படி: பொருளின் மதிப்பு, அதன்மேல் சுங்கவரி, ரெண்டையும் கூட்டி வரும் தொகைக்கு ஐஜிஎஸ்டி. அதாவது வரிக்கும் வரி. கூரியர்காரர் அந்த ரசீதை நீட்டும்போது ஆப்பைத் திட்டிப் பலனில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தப் பொருளை இறக்குமதி செய்தது நீங்கதான்.