கட்டப்படாத மடத்தின் வரைபடம்

சுவிட்சர்லாந்தின் கிழக்கே, கான்ஸ்டன்ஸ் ஏரிக்குத் தெற்கில் இருக்கிறது சங்க்ட் காலன் நகரம். அங்குள்ள பழைய பெனடிக்டீன் மடத்துக்கு வருகிறவர்களில் பலர் முதலில் தேடுவது நூலக மண்டபத்தைத்தான். மரவேலைப்பாடும் கூரை ஓவியமுமாக 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மண்டபம் அது. அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மடத்தின் ஆகப் பெரிய சொத்து ஒரு தோல்தாள்.

ஐந்து தோல்களைத் தைத்து இணைத்த தாள் அது. சுமார் 112 செ.மீ. நீளம், 77 செ.மீ. அகலம். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரைகெனவ் தீவு மடத்துத் துறவிகள் சிவப்பு மையால் ஒரு முழு மடத்தை இதில் வரைந்து, சங்க்ட் காலன் மடாதிபதி கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பினார்கள். இடைக்கால ஐரோப்பாவின் தொடக்க நூற்றாண்டுகளிலிருந்து இவ்வளவு பெரிய கட்டட வரைபடம் வேறெதுவும் மிஞ்சவில்லை.

நடுவே தேவாலயம். அதைச் சுற்றியுள்ள வளாகத்தைப் பார்த்தால்தான் வரைந்தவர்களின் மனசு தெரிகிறது. துறவிகளுக்கு, விருந்தாளிகளுக்கு, ஏழை யாத்ரீகர்களுக்கு என்று தனித்தனி பீர் வடிக்கும் கூடங்கள். மருத்துவர் வீடு, அதையொட்டி 16 பாத்திகளில் மூலிகைத் தோட்டம், ரத்தம் எடுத்து வைத்தியம் பார்க்க ஒரு கட்டடம். 18 பாத்திகள் கொண்ட காய்கறித் தோட்டத்தில் வெங்காயமும் பூண்டும் கொத்தமல்லியும். கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் வட்ட வட்டமாக இரண்டு கொட்டில்கள், நடுவில் காவலாளி வீடு. கல்லறைத் தோட்டத்தில் பழமரங்கள்: இறந்தவர்கள் உறங்கும் மண்ணையும் சும்மா விடவில்லை. கழிவறைகள்கூட விடுபடவில்லை. உழைப்பும் ஜெபமும் ஒன்றே என்று வாழ்ந்த சபைக்கு இதெல்லாம் வேண்டியிருந்தது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் பெனடிக்ட் வகுத்த ஒழுங்கை சங்க்ட் காலன் 747இல் ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்னே, சுமார் 612இல் அயர்லாந்துத் துறவி காலுஸ் அங்கே குடிசை போட்டதிலிருந்துதான் கதை தொடங்குகிறது.

வரைபடத்தில் உள்ளபடி மடம் அங்கே எழவே இல்லை. தாள் மட்டும் தப்பியது, அதுவும் தற்செயலாக. 12ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் அதன் பின்பக்கத்தில் புனித மார்ட்டினின் வாழ்க்கையை எழுதினார். இடம் போதவில்லை. முன்பக்கம் திருப்பி, மூலையிலிருந்த ஒரு பெரிய கட்டடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தார். அங்கே என்ன கட்டடம் இருந்தது என்று அறிஞர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அவரைத் திட்ட மனம் வரவில்லை. தாளை மடித்துப் புத்தகமாக்கியதால்தான் அது நூலகத்தில் பத்திரமாகக் கிடந்தது.

புத்தகத்தைக் காப்பது இந்த மடத்தின் பழைய பழக்கம். 926இல் ஹங்கேரியக் குதிரைப்படை நெருங்கியபோது, முதலில் புத்தகங்களை அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னவர் அங்கே தனிமைத் தவமிருந்த விபொராடா. புத்தகங்கள் தப்பின, அவர் கொல்லப்பட்டார். 1047இல் திருத்தந்தை அவரைப் புனிதராக அறிவித்தார். அதே படையெடுப்பில் ஹெரிபால்ட் என்ற துறவி மட்டும் ஓட மறுத்தாராம்: அந்த வருடம் செருப்புத் தைக்கத் தோல் கொடுக்கவில்லையே, எப்படி ஓடுவது? வந்தவர்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை, வயிறார விருந்து போட்டார்கள் என்று மடத்தின் நாளாகமக்காரர் எக்கெஹார்ட் எழுதிவைத்திருக்கிறார்.

1805இல் மடமே கலைக்கப்பட்டது. தேவாலயம் பின்னர் மறைமாவட்டப் பேராலயமானது, நூலகம் அப்படியே நின்றது. 1983இல் யுனெஸ்கோ வளாகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வரைபடத்துக்கு இப்போது வேறோர் இடத்தில் உயிர் வந்திருக்கிறது. 2013 முதல் தென்ஜெர்மனியின் மெஸ்கிர்ஹ் அருகே, காட்டுக்குள், 9ஆம் நூற்றாண்டுக் கருவிகளையும் முறைகளையும் கொண்டே அந்த மடத்தைக் கட்டிவருகிறார்கள். வரைபடத்திலுள்ள பெரிய கல் தேவாலயத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதால், முதலில் ஒரு சிறிய மரத் தேவாலயத்தை எழுப்பிக்கொண்டார்கள்.