யவனத் தேறலும் தோட்டத்துக் கள்ளும்

பருவக்காற்றுக்குக் காத்திருந்து, கப்பல் வந்ததும் சரக்கின் தரமறிந்து வாங்குதல் மலாக்காத் துறைமுகத் தமிழ் வணிகர் நன்கறிந்த தொழில். அவர்கள் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழகக் கரையில் அத்தொழில் சிறந்திருந்தது. அன்று யவனர் கொணர்ந்த சரக்குகளுள் திராட்சைத் தேறலும் ஒன்றாகும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல், எத்துறையில் எப்பொருள் விலைபோகும் என்று வணிகர்க்கு எடுத்துரைக்கிறது. இன்று பரூச் எனப்படும் பரிகாசாத் துறையில் இத்தாலியத் தேறலுக்கே முதலிடம். சிரியாவின் லவோதிக்கேயாத் தேறலும் அரேபியத் தேறலும் அதற்கடுத்தவை. அந்நாட்டு அரசனுக்கென்று உயர்ந்த தேறல் தனியே சென்றது. முசிறியிலோ தேறல் விலைபோகும். ஆயினும் மிகுதியாக அன்று. வாங்குவோர் விரும்பியதையே விற்போர் ஏற்றிவந்தனர் என்பது இதனால் விளங்கும்.

நம் இலக்கியமும் இதற்குச் சான்று பகர்கிறது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடல், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலைக் குறிப்பிடுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் 'அம்போரா' எனப்படும் இருகாதுச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடி வகையும் உண்டு. கடல்நீர் கலந்து செய்வது அத்தீவுத் தேறலின் தனி இயல்பு.

மன்னனுக்கும் வணிகனுக்கும் இவ்வாறு தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்தது. மலாயாவின் பால்மரக் காட்டில் உழைத்த நம்மவர்க்கு அஃது இருந்ததா? தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடை, பல இடங்களில் அதனை நடத்தியதும் நிருவாகமே. கூலி கொடுத்த கையே கள்ளையும் விற்றது. பள்ளிக்கூடத்தைவிடக் கள்ளுக்கடை அண்மையில் இருந்த இடத்தில், குடிப்பழக்கத்தைத் தொழிலாளியின் பிறவிக்குணம் என்று பழிப்பது அறமாகுமா?

அந்நிலையிலும் அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர்; பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். 1947இல் பீடோங்கில் அவர்கள்மீது அடக்குமுறை பாய்ந்தது.

யவனத் தேறலை நுகர்ந்த பெருமையை நம் மாணவர்க்கு நாம் விரும்பிச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பலவற்றுள் சிறந்ததைத் தேர்வது செல்வம் உடையார்க்கு எளிது. எதிரே வைக்கப்பட்ட ஒன்றேயொன்றையும் வேண்டா என மறுத்து, அதற்கு ஈடாகப் பள்ளியைக் கேட்டவர்கள் நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டியர். தமிழர் வரலாற்றில் பாண்டியனின் பொற்கிண்ணத்திற்கு உரிய இடம், அவர்களின் மறுப்பிற்கும் உரியதாகும்.