கபடியில் தடுப்பு அமைப்பும் பிடியும்

எதிரணி ரைடர் பாடி வரும்போது தற்காக்கும் அணியினர் எங்கெங்கே நிற்கிறார்கள், யாருடன் யார் கைகோக்கிறார்கள், எவ்வளவு ஆழத்தில் காத்திருக்கிறார்கள் என்ற ஏற்பாடே கபடியில் தடுப்பு அமைப்பு எனப்படுகிறது. ரைடரை மடக்கும் செயல் பிடி, கேட்ச், டேக்கிள் என்று பல பெயர்களில் வழங்குகிறது. பிடியைக் கேட்சரின் உடல் வலுவோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் யார், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நொடியில், உடலின் எந்தப் பகுதியைப் பிடிக்க முடியும் என்பதைப் பெரும்பாலும் அணி நிற்கும் விதமே முடிவு செய்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு உள்ளிட்ட தென்மாவட்டங்களின் மண் களங்களிலும், புரோ கபடி லீக்கின் மேட் (செயற்கை விரிப்பு) களங்களிலும் இந்த விதி ஒன்றுதான். அது வேலை செய்யும் விதம்தான் மாறுகிறது.

களத்தின் அளவு

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. இரு பக்கமும் தலா 1 மீட்டர் லாபிக்குப் போய்விடும். தொடுகையோ பிடியோ நிகழும் வரை லாபி ஆட்டத்தில் சேராது. ஆகவே, ரைடர் உள்ளே வரும்போது காக்க வேண்டிய பரப்பு 8 மீட்டர் அகலமும் 6.5 மீட்டர் ஆழமும் உடையது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் பால்க் கோடும், அதற்கு 1 மீட்டர் பின்னால் போனஸ் கோடும் உள்ளன. போனஸ் கோட்டுக்கும் கடைக்கோட்டுக்கும் நடுவே 1.75 மீட்டர்தான் இடைவெளி.

ரைடர் யாரையும் தொடாவிட்டால் பால்க் கோட்டையாவது தாண்டித் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அவுட். அவருக்குள்ள நேரம் 30 நொடி. போனஸ் கோட்டில் கால் வைத்தவர் வீடு திரும்ப 4.75 மீட்டர் கடக்க வேண்டும். அந்தத் தூரமும் அந்த நேரமும்தான் தடுப்பு அணியின் கையிலிருக்கும் மூலதனம்.

பெண்களுக்கான களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். லாபியைக் கழித்தால் 6 மீட்டர் அகலமே மிஞ்சுகிறது. பால்க் கோடு 3 மீட்டரில் வந்துவிடுகிறது. ஒரு கார்னருக்கும் மறு கார்னருக்கும் இடையே தூரம் குறைவதால் எதிர்ப்பக்கத்திலிருந்து உதவி சீக்கிரம் வந்து சேரும். கைகோத்து வளைக்கும் பிடிக்கு அதிக வாய்ப்பு உண்டு.

ஏழு நிலைகள்

களத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். இரு ஓரங்களிலும் ஆழத்தில் நிற்பவர்கள் இடது கார்னர், வலது கார்னர். அவர்களை ஒட்டி உட்புறம் நிற்பவர்கள் ‘இன்’. அவர்களுக்கும் மைய ஆட்டக்காரருக்கும் இடையே கவர் இருவர். மையத்தில் ஒருவர். ரைடரின் வலப்பக்கம் தடுப்பாளர்களுக்கு இடப்பக்கம் என்பதால், வலப்பக்கமாக நுழையும் ரைடரின் முதல் எதிரி இடது கார்னர்தான்.

ஒவ்வொரு நிலைக்கும் உரிய பிடி உண்டு. ரைடர் கால் நீட்டித் தொட முயலும்போதும் போனஸ் எடுக்கும்போதும் அவருடைய முன்கால் கார்னரின் கைக்கு எட்டும். எனவே கணுக்கால் பிடியும், ரைடர் திரும்பும் நொடியில் பாய்ந்து போடும் தொடைப் பிடியும் கார்னரின் ஆயுதங்கள். கவரின் வேலை வேறு. ரைடர் ஒரு கார்னரைப் பார்த்து நிற்கும்போது அவர் முதுகுப்பக்கத்துக் கவர் உள்ளிருந்து ஓடிவந்து தோளால் மோதிக் களத்துக்கு வெளியே தள்ளுவது ‘டேஷ்’. நடுக்கோட்டை நோக்கி ஓடுபவரின் வழியில் மார்பைக் கொடுத்து மறிப்பது ‘பிளாக்’. கார்னர் காலைப் பிடிக்கிறார், கவர் பாதையை அடைக்கிறார். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால்தான் பிடி நிற்கும்.

கைகோத்தல்

தடுப்பாளர்கள் அடுத்தவரின் கையைப் பற்றி நிற்பது ‘செயின்’. பொதுவாகக் கார்னரும் ‘இன்’ ஆட்டக்காரரும் ஒரு ஜோடி. ஏழு பேரை 2–3–2 என்று பிரித்து நிற்பது பழக்கமான அமைப்புகளில் ஒன்று: இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு பேர், நடுவில் மூவர்.

கைகோப்பதால் இரண்டு நன்மைகள். கண் ரைடர் மேல் இருக்கும்போதே பக்கத்து ஆள் முன்னேறுவதும் பின்வாங்குவதும் கை வழியாகத் தெரிந்துவிடும். கார்னர் காலைப் பிடித்ததும், கைகோத்திருக்கும் இன் ஒரே எட்டில் ரைடரின் இடுப்புக்குச் சென்றுவிடலாம். ஆனால் கையைக் கோத்தவரால் நினைத்த மாத்திரத்தில் பாய முடியாது. வேகமான ரைடர் இருவரின் கை சேரும் இடத்தைத் தட்டினால் ஒரே தொடுதலில் இருவரையும் வெளியேற்றக்கூடும். ஆகவே எந்த நொடியில் கையை விடுவது என்பதும் பயிற்சியில் சேர்ந்ததே.

காத்திருப்பதும் பாய்வதும்

தடுப்பில் இரண்டு போக்குகள் உண்டு. ஒன்று, ஆழத்தில் நின்று நேரத்தைக் கரைப்பது. தொடக்கூடிய தூரத்தில் யாரும் இல்லாததால் ரைடர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே வர வர வீடு தூரமாகிறது; அவரே தவறு செய்கிறார். மற்றொன்று, ரைடர் கால் எடுத்து வைப்பதற்கு முன்பே தடுப்பாளர் முந்திக்கொள்ளும் ‘அட்வான்ஸ் டேக்கிள்’. பலித்தால் அரங்கம் அதிரும். பலிக்காவிட்டால் ரைடருக்கு ஒரு புள்ளி, உதவிக்கு ஓடிவந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு, மூன்று புள்ளிகள்.

எந்தப் போக்கு என்பதை அமைப்புதான் தீர்மானிக்கிறது. இரு கவர்களும் நடுக்கோட்டுப் பக்கம் சற்று முன்னேறி நின்றால், கார்னர் துணிந்து பாயலாம். பிடி நழுவினாலும் ரைடர் ஓடும் வழி அடைபட்டிருக்கும். கவர்கள் ஆழத்தில் நிற்கையில் கார்னர் தனியாகப் பாய்ந்தால், அவரை உதறிவிட்டு ரைடர் நேராக வீடு சேர்ந்துவிடுவார். கார்னரின் அவசரம் என்று வெளியே தெரியும் பல தோல்விகள் உண்மையில் கவர் நின்ற இடத்தின் தோல்விகளே. அணி ஒன்றின் பிடிகள் தொடர்ந்து நழுவினால், பயிற்றுநர் முதலில் பார்க்க வேண்டியது பிடிப்பவரின் கையை அல்ல, மற்ற ஆறு பேரின் கால்களை.

ஆள் கணக்கு மாற்றும் அமைப்பு

கபடியில் ஆட்கள் வெளியேறுவதும் திரும்புவதும் தொடர்ந்து நடக்கும். எனவே ஒரே அணி ஒரே ஆட்டத்தில் பல அமைப்புகளில் நிற்க வேண்டியிருக்கிறது.

தடுப்பில் ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது மட்டுமே போனஸ் கோட்டைத் தாண்டும் ரைடருக்குப் போனஸ் புள்ளி உண்டு. அப்போது ரைடர் கோட்டைத் தேடி வருவார். கார்னர் ஓரடி விலகிப் போனஸ் இடத்தைத் திறந்து காட்டி, கால் இறங்கும்போது கணுக்காலைக் கவ்வுவது நன்கு பயின்ற உத்தி. ஐந்தும் நான்கும் ஆகும்போது போனஸ் கிடையாது, தொட்டால்தான் புள்ளி. ஜோடிகள் குலைந்து, இரு கார்னர் இரு கவர் என்ற பெட்டி வடிவம் உருவாகும்.

மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் அது ‘சூப்பர் டேக்கிள்’; கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் தோற்றால், அணி முழுதும் வெளியேறும் ‘ஆல் அவுட்’ நெருங்கும். அது எதிரணிக்கு இரண்டு புள்ளி கொடுக்கும். மூன்று பேரால் 8 மீட்டர் அகலத்தை அடைக்க முடியாது. அதனால் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு, ரைடரை அந்தப் பக்கம் வரவைத்து, திரும்பும் வழியில் மூவரும் சேர்ந்து மடக்குவார்கள்.

இரண்டு ரைடுகள் புள்ளியின்றி முடிந்தால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ ரைடு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரைடர் அவுட். இங்கே ஆழத்தில் நிற்கும் அமைப்பு முழுப் பலனைத் தருகிறது. நேரம் குறையக் குறைய ரைடர் துணிந்தே ஆக வேண்டும். தடுப்பாளர்கள் பதறாமல் இருந்தாலே போதும். திறமையான அணிகள் முதல் இரண்டு ரைடுகளைத் தொடுகையின்றி அனுப்புவது இந்த மூன்றாவது ரைடுக்காகவே.

மண்ணும் மேட்டும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளையான மேகமலைக்கும் நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நீளும் கம்பம் பள்ளத்தாக்கு முல்லைப் பெரியாற்று நீரில் நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் பூமி. தமிழ்நாட்டின் மற்றக் கிராமப்புறங்களைப் போலவே இங்கும் பொங்கலும் கோயில் திருவிழாவும் கபடிக்கு உரிய காலங்கள். பகலில் வயல் வேலை பார்ப்பவர்களும் பள்ளி, கல்லூரி செல்பவர்களும் இரவில் ஆடுவதற்கு ஏற்றது மின்னொளிக் கபடி. கல், முள் பொறுக்கி, மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால் களம் தயார். பல போட்டிகள் எடைப் பிரிவு வைத்து நடக்கும்.

மண் களம் தடுப்பைத் தன் போக்கில் வடிவமைக்கிறது. வெறுங்காலில் ஆடும் ரைடர் திடீரென்று நின்று திரும்பும்போது கால் சறுக்கும். மேட்டில் காலணியின் பிடிப்பால் அவர் சட்டென்று திசை மாற்றிவிடுவார். மறுபுறம், மண்ணில் நெஞ்சு தரையில் பட விழுந்து கணுக்காலைப் பிடிக்கும் கார்னருக்கு முழங்கையும் முட்டியும் உரியும். அதனால் நின்றபடி போடும் இடுப்புப் பிடி, தொடைப் பிடி, நால்வர் ஐவராகச் சூழ்ந்து வளைக்கும் செயின் பிடி ஆகியவை மண் களத்தில் வலுப்பெறுகின்றன. மேட்டிலோ தனி ஆள் பாய்ச்சலுக்கு மதிப்பு கூடுகிறது. எடை வரம்புள்ள ஆட்டத்தில் ஒருவர் தனித்து மற்றவரை அமுக்கிவிட முடியாது என்பதும் கூட்டுப் பிடிக்குச் சாதகம்.

கிராமக் களத்தில் வளர்ந்தவர் மேட்டுக்கு மாறும்போது பெரும்பாலும் இடறுவது இங்கேதான். கூட்டாகப் பிடிக்கும் பழக்கம் அவரிடம் ஆழமாக இருக்கும்; தனியாகக் காலைக் கவ்வும் பாய்ச்சல் புதிதாகக் கற்க வேண்டியதாக இருக்கும். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் மாவட்ட அளவிலேயே கபடி இடம்பெறுவது ஊர்ப்புற இளைஞர்களுக்கு ஒரு வாசல். அதோடு ஒன்றியந்தோறும் ஒரு மேட் களமாவது அமைந்தால், மண்ணில் பெற்ற கூட்டுணர்வை இழக்காமலே புதிய பிடிகளை அவர்கள் கைக்கொள்ள முடியும்.

புகழ்பெற்ற தடுப்புகள்

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், தமிழ்நாடு தந்த சிறந்த கார்னர்களுள் ஒருவர். 2016இல் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் புரோ கபடி லீக் பட்டம் வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். நாற்பது வயதைக் கடந்த பின்னும் முன்னணியில் ஆடியவர் அவர். கால்வேகம் குறையும் வயதில் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு அவர் ஆட்டமே சான்று.

2017இல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் அணி, 2022இல் நடந்த ஒன்பதாவது பருவத்தில்தான் முதன்முறையாக அரையிறுதி கண்டது. கார்னர்களில் சாகர் ராத்தி, சாகில் குலியா, கவரில் தமிழ்நாட்டின் எம். அபிஷேக் என்று பழகிய இளம் தடுப்பு அந்த அணியில் அமைந்திருந்தது.

உலக அரங்கில் தடுப்பால் பெயர் பெற்றது ஈரான். 1990 முதல் ஆசிய விளையாட்டில் ஆண்கள் தங்கத்தை விடாமல் வைத்திருந்த இந்தியாவை 2018 ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27–18 என வென்றது. அந்நாட்டின் இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி புரோ கபடி லீக்கில் 500 டேக்கிள் புள்ளிகளை எட்டிய முதல் ஆட்டக்காரர். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் இந்தியா ஈரானை 33–29 என வென்று தங்கத்தை மீட்டது. தொடுகையின்றி லாபிக்குள் போன ரைடரையும் அவரைத் தொடர்ந்து உள்ளே கால் வைத்த தடுப்பாளர்களையும் எப்படிக் கணக்கிடுவது என்ற சர்ச்சையால் அந்த ஆட்டம் நெடுநேரம் நின்றது. பிடிக்கப் பாயும் அவசரத்தில் ஒரு மீட்டர் லாபியை மறப்பது எவ்வளவு விலை கேட்கும் என்பதை அது காட்டியது.

அமெரிக்கக் கால்பந்தில் இதே கேள்வி

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பது அமெரிக்கக் கால்பந்துத் தடுப்பின் முதன்மை வேலைகளில் ஒன்று. பதினொரு பேரில் எத்தனை பேரைத் துரத்த அனுப்புவது, எத்தனை பேரைப் பந்து வாங்குபவர்களைக் காக்க நிறுத்துவது என்பதே அங்கும் அடிப்படைக் கேள்வி. முன்வரிசையில் நால்வரும் பின்னால் மூவரும் நிற்கும் 4–3 அமைப்பில் துரத்தும் பொறுப்பு பெரும்பாலும் முன்வரிசை நால்வருக்கே. 3–4 அமைப்பில் நான்காவது ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்பதை எதிரணி முன்கூட்டி அறிவது கடினம். 1981இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்த லாரன்ஸ் டெய்லர் பெயர் பெற்றது இந்த அமைப்பின் ஓரத்திலிருந்து பாய்ந்துதான். வாங்குபவர்களைப் பின்வரிசை நன்றாகக் காத்தால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு தயங்குவார். துரத்துபவருக்கு அந்தத் தயக்கமே போதும். கபடியில் கவர் வழியை அடைப்பதால் கார்னருக்குக் கூடுதல் நொடி கிடைப்பதும் இதே கணக்குதான்.

புள்ளிப் பட்டியலும் உண்மைப் பங்கும்

ஓர் ஆட்டத்தில் ஐந்து டேக்கிள் புள்ளி எடுப்பவருக்கு ‘ஹை ஃபைவ்’ என்ற பெருமை சேர்கிறது. புள்ளி முதன்மையாகப் பிடித்தவர் பெயரில் ஏறுகிறது. வழியை மறித்து நின்ற கவர், ரைடரை மறுபக்கம் திருப்பிவிட்ட எதிர்க் கார்னர், கையை விடாமல் இழுத்துப் பிடித்த இன் ஆகியோரின் பங்கு பட்டியலில் தெரிவதில்லை. அணி தேர்வு செய்பவர்களும் மாவட்ட அளவில் திறமை தேடுபவர்களும் புள்ளியை மட்டும் எண்ணினால் நல்ல கவர்களை இழந்துவிடுவார்கள். பிடி விழுந்த நொடியில் மற்றவர்கள் எங்கே நின்றார்கள் என்பதையும் குறித்து வைக்கும் பழக்கம் கிராமக் குழுக்களிலிருந்தே தொடங்க வேண்டும். கபடியில் பிடிப்பவர் ஒருவராக இருக்கலாம். மடக்குவது எப்போதும் முழு அணிதான்.