காசமும் மந்தாரகாசமும்

1898ஆம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபின், நெருக்கடி மிகுந்த பழைய பேட்டையை விட்டு மக்கள் குடியேறி வளர்ந்த புறநகர்களுள் மல்லேஸ்வரமும் ஒன்று. நல்ல காற்றை நாடி வந்தோரின் ஊர் எனலாம். ஆயினும் இருமல் இங்கும் உண்டு. தமிழருக்கோ அதனோடு சொற்குழப்பமும் உண்டு.

வடமொழியில் காசம் என்பது வெறும் இருமலே. உடலை உருக்கும் நோய்க்கு க்ஷயம் என்று பெயர். கன்னடரும் அவ்வாறே வழங்குவர். தமிழிலோ காசநோய் என்றால் எலும்புருக்கி. மந்தாரகாசம் என்றால் ஆஸ்துமா. முன்னது கிருமியால் வருவது, பிறருக்குத் தொற்றுவது, பின்னது தொற்றாதது. பெயரில் இவ்விரண்டும் உடன்பிறப்புக்கள் போல் தோன்றுவது நம் மொழியின் விந்தை!

மருத்துவ உலகமும் இவற்றை எளிதில் பிரித்தறிந்துவிடவில்லை. பிரெஞ்சு மருத்துவர் லேனெக், 1819இல் வெளியிட்ட நூலில், காற்றறைகள் சிதைந்து நுரையீரல் உப்பும் நிலையை விளக்கினார். 1846இல் ஆங்கில மருத்துவர் ஹட்சின்சன் மூச்சின் அளவைக் காணும் கருவியை வெளியிட்டார். 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதன்பின் சளியே சாட்சியாயிற்று.

மல்லேஸ்வரத்துக்குக் கிழக்கே, பல்லாரி சாலையில், 1959இல் தேசியக் காசநோய் நிலையம் தோன்றியது. அதன் ஆய்வாளர் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்துக் காசநோயாளரை விசாரித்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டனர். கிராமத்தார் அறியாமையால் நோயை மறைப்பர் என்பது அக்காலத்து எண்ணம். உண்மை வேறாக இருந்தது. பெரும்பாலோர் தம் நோய்க்குறிகளை உணர்ந்திருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் மருத்துவ உதவியையும் நாடியிருந்தனர். அவ்வாறு அரசு மருத்துவமனைக்குச் சென்றவர்களுக்குக் கிடைத்ததோ ஒரு புட்டி இருமல் மருந்து! குறை நோயாளியிடம் இல்லை. பிரித்தறியாத மருத்துவ முறையிலேதான் இருந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், இருமலோடு தாமே வருவோரின் சளியைச் சோதிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

இன்று இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிச்சோதனை செய்கின்றனர். மாலைக் காய்ச்சலும் மெலிவும் உடன்வரின் ஐயம் வலுக்கும். கிருமி இல்லையெனில், ஹட்சின்சன் கருவியின் வழிவந்த குழாயில் ஊதச் சொல்வர். மூச்சுக்குழல் விரிய மருந்து கொடுத்தபின் ஊதும் அளவு நன்கு உயர்ந்தால், பெரும்பாலும் அது ஆஸ்துமா. விட்டுவிட்டு வருவது, இரவில் மிகுவது. மருந்துக்குப் பின்னும் அடைப்பு நீங்காவிடில், பீடிப்புகையோ அடுப்புப்புகையோ பல்லாண்டு நுரையீரலை அரித்த நாள்பட்ட அடைப்பு நோயாக இருக்கலாம். பீடியைத் தொடாத பெண்களுக்கும் விறகடுப்பால் இது வருவதுண்டு.