சிறு படகுக்கு எந்த நங்கூரம்?

ஜொகூரின் இரு கரைகளுக்கும் ஒரே நங்கூரம் பொருந்தாது. பொந்தியான், கூக்குப் பக்கம் மலாக்கா நீரிணையின் அடியில் பெரும்பாலும் சேறு. மெர்சிங் கரையோரம் மணல். தீவுகளை ஒட்டிப் பாறையும் பவளமும் உண்டு.

சேற்றிலும் மணலிலும் அகன்ற தட்டையான இதழ்கள் கொண்ட டான்ஃபோர்த் வகை நன்றாகப் புதையும். கொக்கிகள் கொண்ட மடக்கு நங்கூரம் பாறையில் பிடிக்கும், சேற்றில் இழுபடும். பவளத்தின் மீது எதையும் போடக்கூடாது.

எடை மட்டும் போதாது. நங்கூரத்தைக் கிடைவாக்கில் இழுத்தால்தான் அது புதையும். அதற்காக முதலில் சில மீட்டர் சங்கிலி, பிறகு கயிறு. இரண்டும் சேர்ந்து ஆழத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு நீளம் வேண்டும். 6 மீட்டர் ஆழத்துக்கு 30 முதல் 42 மீட்டர். நீர் ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கயிற்றைப் படகின் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால், என்ஜின் எடையால் தாழ்ந்திருக்கும் அந்தப் பகுதியில் அலை ஏறிப் படகு மூழ்கிவிடலாம். நங்கூரம் சிக்கிக்கொண்டால் கயிற்றை அறுக்கக் கத்தி கையருகே இருக்கட்டும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் மெர்சிங் கடல் கொந்தளிக்கும். வானிலை எச்சரிக்கை உள்ள நாளில் நல்ல நங்கூரத்தை நம்பியும் கடலுக்குப் போகக்கூடாது.