கழன்று விழுந்த கம்பி முனை

பழைய சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது கவனித்திருப்பீர்கள். ரப்பர் நலிந்த இடம் மட்டும் குமிழ்போலப் புடைத்துக்கொள்ளும். அழுத்தம் தாங்காவிட்டால் அவ்விடத்திலேயே வெடிக்கும். மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளிலும் இத்தகைய புடைப்பு தோன்றுவதுண்டு. மருத்துவர்கள் இதனை அனியூரிசம் என்பர். பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உள்ள இப்புடைப்பு, பலருக்கு வாழ்நாள் முழுவதும் எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் வெடித்துவிட்டாலோ, திடீரெனத் தாங்கவொண்ணாத தலைவலி தோன்றும். மூளையைச் சுற்றிக் குருதி பரவும். ஒருமுறை வெடித்தது மீண்டும் வெடிக்கக்கூடும் என்பதால், அதனை விரைவில் அடைத்தாக வேண்டும்.

அடைப்பது எவ்வாறு? 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி என்னும் அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் சிறிய வெள்ளிக் கவ்வி ஒன்றைப் பொருத்தினார். பைக்குள் குருதி புகுவது நின்றது. கவ்வி பொருத்தும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. எனினும், மண்டையோட்டைத் திறந்து, மூளையை மெல்ல விலக்கிச் செல்லவேண்டும். ஆழத்திலுள்ள புடைப்புகளை எட்டுவது மிகக் கடினம்.

குருதிக் குழாயே ஒரு பாதையன்றோ? அதன் வழியாகவே உள்ளே சென்றால் என்ன? இவ்வாறு முயன்று வெற்றி கண்டவர் மாஸ்கோ நகரின் பியோதர் செர்பினென்கோ. விழா நாளில் சிறுவர்கள் நூலில் கட்டிய பலூன்களைப் பிடித்துச் சென்ற காட்சி அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்ததாகக் கூறுவர். நுண்குழலின் முனையில் சிறு பலூனைப் பொருத்தித் தமனிக்குள் செலுத்தி, வேண்டிய இடத்தில் விரித்து, அங்கேயே விட்டுவரும் முறையை அவர் 1970களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆயினும் பலூனுக்கென ஒரு வடிவம் உண்டு. மெல்லிய புடைப்புச் சுவரை அது அழுத்தினால், சுவரே கிழிந்துவிடும் அபாயம் இருந்தது.

ஆகவே பைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் மென்மையான பொருள் தேவைப்பட்டது. அதனை இழுக்காமலும் தள்ளாமலும் கம்பியிலிருந்து பிரித்துவிடவும் வேண்டும். இவ்விடையை இத்தாலிய மருத்துவர் குய்டோ குக்லியெல்மி ஒரு பழுதிலிருந்து பெற்றார்.

1980களின் தொடக்கத்தில் அவர் ரோம் நகரில் விலங்குகளில் ஆய்வு நடத்தி வந்தார். புடைப்புக்குள் எஃகு மின்முனையைச் செலுத்தி, மின்னோட்டத்தால் குருதியை உறையச் செய்யலாமா என்பதே அவரது கேள்வி. உறைவு எதிர்பார்த்த அளவு ஏற்படவில்லை. ஆனால் மின்னாற்பகுப்பால் எஃகு அரிக்கப்பட்டு, மின்முனையின் நுனி கழன்று புடைப்புக்குள்ளேயே தங்கிவிட்டது. பழுது என்று ஒதுக்கிவிடக்கூடிய அந்நிகழ்ச்சியே பின்னர் வழிகாட்டியாயிற்று.

பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், பொறியாளர் இவான் செபெட்காவுடன் சேர்ந்து அவர் புதிய கருவியை உருவாக்கினார். எஃகுக் கம்பியின் நுனியில் தலைமயிர்போல் மெல்லிய பிளாட்டினச் சுருள். தொடையிடுக்குத் தமனி வழியே நுண்குழலைச் செலுத்தி, ஊடுகதிர்த் திரையில் பார்த்தபடியே சுருளைப் புடைப்புக்குள் இறக்குவர். சரியாக அமையாவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அமைந்தபின் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்துவர். பிளாட்டினம் அரிக்கப்படுவதில்லை, இணைப்பிலுள்ள எஃகு மட்டும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். சுருள் உள்ளே தங்கும். கம்பி வெளியே வரும். சுருள்கள் நிறைந்த பைக்குள் குருதியோட்டம் தளர்ந்து உறையும்.

1990இல் இம்முறை மனிதர்களுக்குப் பயன்பட்டது. மறு ஆண்டில் 15 நோயாளிகள் பற்றிய அறிக்கை வெளிவந்தது. ஆயினும் கவ்வியைவிட இது சிறந்ததா என்ற ஐயம் நீடித்தது. புடைப்பு வெடித்தவர்களில் இரு முறைக்கும் ஏற்றவர்கள் எனக் கருதப்பட்ட 2143 பேரிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு 2002இல் விடை தந்தது. ஓராண்டு முடிவில் இறந்தோரும், பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 30.6, சுருள் பெற்றவர்களில் 23.7.

சுருளுக்கும் குறையுண்டு. அடைத்த புடைப்பு சிலருக்கு மீண்டும் திறந்துகொள்வதால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். சில புடைப்புகளுக்குக் கவ்வியே ஏற்றது. எனினும் மண்டையோட்டைத் திறக்காமலே உயிர் காக்கும் வழி ஒன்று கிடைத்தது. எதிர்பார்த்த விடை வராதபோதும், வந்தது என்னவென்று ஊன்றிப் பார்த்ததன் பயன் அது.